யார் காட்டினாலும் நிறுத்தணும்

மகள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிரேன்காரர் கிளம்பியபோது அவர் மனைவி நம்பவில்லை. ஒரு வாஷர் மாற்றுவதற்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகிற தகப்பன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“குழாய்க்கா போறீங்க? அதக் கேக்கத்தான போறீங்க?”

“எத?”

“எதன்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கியது.

“கேளுங்க, வேண்டாங்கல. அவ என்ன சொல்றாளோ அத எனக்கும் வந்து சொல்லுங்க. அன்னிக்கு நானும் அந்த ரூம்லதான இருந்தேன்” என்றாள் மனைவி.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒன்பது வயதில், ஒரு சாயங்காலம், அப்பா செய்த காரியம் அவளுக்கு நினைவிருக்கிறதா? மகளுக்கு இப்போது இருபத்தேழு. பதினெட்டு வருஷமாக அந்தக் கேள்வி அவர் தொண்டையில் நிற்கிறது. மகள் கல்லூரிக்குப் போனபோது கேட்டிருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தின நாள் கேட்டிருக்கலாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில் மனிதர் கெட்டிக்காரர். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. மகளுக்குக் கரு கலைந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலப் போன் செய்து, “நல்லா இருக்கேன்பா, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று சிரித்துப் பேசினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் பேசினாள் என்பது மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்று முதல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். உயரமான கட்டடங்கள் எழும்புகிற இடத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கிரேன், அதன் உச்சியில் கண்ணாடி வைத்த சின்ன அறை. காலையில் ஏணியில் ஏறினால் மதியம்தான் இறங்குவார். அங்கிருந்து பார்த்தால் கீழே இருக்கிற சுமை பாதி நேரம் தெரியாது. தரையில் ஒருவர் நின்று கையால் காட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு, அந்தக் கைக்கு மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக. கீழே நின்று காட்டுகிற அந்த ஆளை எல்லாரும் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள். தூக்கு, இறக்கு என்று கைகாட்டி ஒருத்தர்தான் சொல்லலாம். முதலாளியே வந்து காட்டினாலும் கிரேன்காரர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் ஒரே ஒரு சைகைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து, அப்படியும் இப்படியும் வீசினால் உடனே நிறுத்த வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

ஒருமுறை கட்டடத்தைக் கூட்டுகிற அம்மா அப்படிக் காட்டினார். இரண்டு டன் கம்பி அந்தரத்தில் தொங்கியது. கிரேன்காரர் அந்தக் கணமே நிறுத்தினார். விஷயம் என்னவென்றால் கீழே ஒரு பூனைக்குட்டி. இன்ஜினியர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கிரேன்காரர் இறங்கி வந்து, “யார் காட்டினாலும் நிறுத்தணும் சார். காட்டினது சரியா தப்பான்னு நின்னதுக்கு அப்புறம்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, பூனைக்குட்டியையும் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்.

இந்தக் கதையை வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. கட்டிலின் மேல் அவர் கிரேன், தரையில் அவள் கைகாட்டி. தலையணைகள் எல்லாம் கம்பிக் கட்டு. விரலைச் சுற்றிச் சுற்றி அவரை வேலை வாங்குவாள்.

“நான் காட்டினாலும் நிறுத்துவீங்களாப்பா?”

“நீ காட்டினா மொதல்ல நிறுத்துவேன் பாப்பா.”

சொன்னார். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

ஒரு கட்டடம் முடிந்தால் கிரேனைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். கிரேன் போனால் கிரேன்காரரும் போக வேண்டும், அவர் போனால் வீடும் போக வேண்டும். மகளுக்கு ஏழு வயது ஆவதற்குள் மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். ஒரு பள்ளியில் சிநேகிதி பிடித்து, பெயரும் வீடும் பழகுவதற்குள் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்கும். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தினதே தெரியாது என்று நோயாளிகள் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயரை எடுக்க ஒரு வருஷம் ஆகும், விட்டுப்போக ஒரு நாள் போதும். மூன்றாவது ஊரில் அவளையே அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். வெள்ளைக் கோட்டில் பெயர் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சரியாக ஐந்தாவது வாரம், அடுத்த ஊர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார் இவர்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவ.”

இதை ஒரு பதில் என்று நினைத்துச் சொன்னார் பாருங்கள், அந்த வாயை என்ன செய்வது? அவள் கோட்டைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். “இனி உங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். சரி, நமக்கும் ஒன்றும் இல்லை என்று இவரும் முறுக்கிக்கொண்டார்.

அந்த முறுக்கு இரண்டு வருஷம் போனது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு சத்தம், ஒரு அடிதடி, எதுவும் கிடையாது. கிரேன்காரருக்கு அதில் பெருமை வேறு. அவர் வளர்ந்த வீட்டில் அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிவார், அம்மா தெருவே கேட்கக் கத்துவாள், இவரும் தம்பியும் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பார்கள். என் பிள்ளை காதில் ஒரு நாளும் அந்தச் சத்தம் விழக் கூடாது என்று அன்றே முடிவு கட்டியவர். வேலை இடத்தில் யாராவது வீட்டுச் சண்டையைச் சொன்னால், “நாங்க பிள்ளை முன்னாடி ஒரு வார்த்தை ஓங்கிப் பேசினது கிடையாதுப்பா” என்று தலையை நிமிர்த்திச் சொல்வார். பேசினதே கிடையாது என்று கேட்டுக்கொண்டிருக்கிற கைகாட்டிக்குத் தெரியுமா என்ன?

ஆனால் ஒரு குடும்பம் பேசாமல் நடக்காதே. கேஸ் தீர்ந்துபோகும், பள்ளியில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கெல்லாம் மகள் இருந்தாள்.

“அப்பாகிட்ட போய்ச் சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு.”

“அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வரும்னு.”

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் எட்டு அடி நடை. அதில் போவதும் வருவதுமாக இருந்தாள். இவரே செல்லமாக அவளுக்குத் தபால் என்று பெயர் வைத்தார். “எங்கே நம்ம தபால்?” என்று கூப்பிடுவார். அவளும் ஓடி வருவாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

“சொன்னதை அப்படியே சொல்லணும்” என்பது இருவரும் போட்ட சட்டம். பிள்ளை முதலில் அப்படியே சொன்னாள். சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்தாள். “சாப்பிட்டா சாப்பிடட்டும், இல்லன்னா கிடக்கட்டும்னு அம்மா சொன்னாங்க” என்று ஒப்பித்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார், அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுகிறாள். எட்டு வயதுக்கு எவ்வளவு மூளை! மெல்ல மெல்லத் தபாலைத் திருத்த ஆரம்பித்தாள். “சாப்பாடு ஆறிடுமாம்பா, அம்மா உங்களை வரச் சொன்னாங்க.” அந்தப் பக்கம், “அம்மா, இன்னிக்கு சாப்பாடு நல்லா இருந்துச்சாம்.” வீட்டில் கொஞ்சம் அமைதி வந்தது. கோபம் ஆறி வருகிறது என்று இவர் நினைத்தார். மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இரண்டு பெரியவர்களை ஒரு சின்னப் பிள்ளை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு வயிறு வலிக்கும். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். நகத்தை ரத்தம் வரக் கடித்தாள். வேப்பெண்ணெய் தடவினார்கள். கண் இமை முடியைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு கண்ணில் இமை முடியே இல்லாமல் போயிற்று. கெட்ட பழக்கம் என்று திட்டினார்கள். மருந்தும் திட்டும் தாராளமாகக் கிடைத்தன. என்னம்மா உனக்கு என்று உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் இவர் வெயிலில் நின்று வாசல் கதவின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி சொன்னது நன்றாகக் கேட்டது. “அவருக்கு வீடுன்னா லாட்ஜ். சாவியைக் குடுத்தா போதும், மனுஷங்க வேண்டாம்.” மகள் எட்டு அடி நடந்து வந்தாள். “அப்பா, வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்னு அம்மா சொன்னாங்க.”

“என்ன சொன்னா?”

“வெயில்ல நிக்க வேண்டாம்னு.”

“பொய் சொல்றியா?”

“இல்லப்பா. அம்மா அப்படியேதான் சொன்னாங்க.”

அங்கே ஒரு மனிதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். இவருக்குக் கோபம் வந்தது. “பொய் சொல்ற பிள்ளைகிட்ட அப்பா பேச மாட்டேன்” என்றார். சொன்னபடி நாலு நாள் பேசவில்லை. பெரிய ஆள்தான். அவள் எதிரில் வந்து நின்று தபாலைச் சொல்வாள், இவர் சுவரைப் பார்ப்பார். ஐந்தாம் நாள் பள்ளியில் வாந்தி எடுத்து விழுந்துவிட்டாள்.

டீச்சர் இருவரையும் வரச் சொன்னார். வகுப்பில் சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இவள் தூது போய், இரண்டு பக்கமும் இல்லாததைச் சொல்லி, கடைசியில் இரண்டு பேருமே இவளை ஒதுக்கிவிட்டார்கள். “சும்மா பொய் இல்லீங்க. யோசிச்சு யோசிச்சு நல்ல பொய்யா சொல்றா. எனக்குப் பயமா இருக்கு” என்றார் டீச்சர். பள்ளிக்கு வாரம் ஒருமுறை வருகிற ஆலோசகர் மேடத்திடம் இருவரையும் அனுப்பினார்.

அந்த அறையில் மூன்று நாற்காலி. ஆலோசகர் இவரைப் பார்த்து, “வீட்ல நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க?” என்றார்.

“அவங்ககிட்டயே கேளுங்க” என்றார் இவர்.

மனைவி ஆலோசகரைப் பார்த்தாள். “மேடம், அவர்தான் பேசறத நிறுத்தினாருன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“மொதல்ல நிறுத்தினது யாருன்னு அவங்கள யோசிக்கச் சொல்லுங்க மேடம்.”

பிள்ளையிடம் ஏற்கெனவே தனியாகப் பேசியிருந்த ஆலோசகர் பேனாவை மூடினார். “நான் தபால் இல்லீங்க. இங்க வந்த பத்து நிமிஷத்துல எனக்கே தலை வலிக்குது. அந்தப் பிள்ளை ரெண்டு வருஷமா செய்யுது.”

இன்றைக்கே வீட்டில் நேருக்கு நேர் பேசிப் பழகுங்கள், சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள், பெரியதை என் முன்னால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். நல்ல யோசனைதான். அதைக் கேட்டுக்கொண்டு போன இரண்டு பேரும்தான் சரியில்லை.

அன்று சாயங்காலம் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பித்தார்கள். “துண்டு எங்க?” என்றார் இவர். “கொடியில” என்றாள் அவள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், பென்சிலை நிறுத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். துண்டில் இருந்து ஈரச் சட்டைக்குப் போயிற்று, சட்டையில் இருந்து வெள்ளைக் கோட்டுக்குப் போயிற்று. ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு வருஷமும் வெளியே கொட்டியது. இவர் குரல் ஓங்கியது. கட்டிலுக்கு அடியில் கிடந்து கேட்ட அதே குரல் தன் வாயில் இருந்து வருவது இவருக்கே கேட்டது.

“அவ்வளவு கஷ்டமா இருந்தா எதுக்கு இந்த வீட்டுக்கு வர்றீங்க?” என்றாள் மனைவி.

“எல்லாம் இவளுக்காகத்தான் வர்றேன். இவ மட்டும் இல்லன்னா...”

மகள் எழுந்து நடையில், இருவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். உள்ளங்கை கீழே பார்க்க, அப்படியும் இப்படியும் வீசினாள். சரியாக, அவர் சொல்லிக்கொடுத்தது போலவே, முழங்கை மடங்காமல். கண் அவர் மேலேயே இருந்தது.

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்லி அவரால் தப்பிக்க முடியாது. வலது கை தானாகவே, கிரேனை நிறுத்த லீவரை நடுவுக்கு இழுக்கிற மாதிரி அசைந்தது. உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை.

“...எனக்கும் உனக்கும் என்ன இருக்கு? எப்பவோ போயிருப்பேன்.”

அவள் இன்னும் இரண்டு முறை வீசினாள். பிறகு கையைக் கீழே போட்டாள். உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தாள்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அடுத்த மாதமே ஊர் ஊராகப் போகிற வேலையை விட்டு, சரக்குப் பெட்டிகள் அடுக்குகிற இடத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தார். மனைவிக்குப் பழையபடி வேலை கிடைத்தது. ஆலோசகரிடம் எட்டு மாதம் போனார்கள். இருவரும் பேசிக்கொண்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கவும் செய்தார்கள். மகளுக்கு வயிற்று வலி நின்றது, இமை முடி முளைத்தது. அப்புறம் அவள் தங்கமான பிள்ளை. ஒன்று கேட்டு அடம் பிடித்தது இல்லை, ஒரு கதவை அறைந்து சாத்தியது இல்லை. காய்ச்சல் வந்தால் கூட நாலாம் நாள்தான் தெரியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். அவள் இல்லை என்றால் வீடு இல்லை என்று அப்பாவே சொன்னதைக் கேட்ட பிள்ளை வேறு எப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே பல வருஷம் ஆயிற்று. அந்த ஆஸ்பத்திரிச் செய்தி கேட்ட அன்று முழுசாகப் புரிந்தது.

மகள் வீட்டில் குழாய் நிஜமாகவே ஒழுகியது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவள் இளைத்திருந்தாள். டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். உனக்கு ஒன்பது வயசு இருக்கும். அம்மாவும் நானும் சண்டை போட்டோம். நீ நடுவுல நின்னு...” கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

அவள் ஒரு நொடி பார்த்தாள். சிரித்தாள். “ஐயோ, அந்தக் கிரேன் விளையாட்டா! தலையணையெல்லாம் தூக்குவோமே!”

“விளையாட்டு இல்லம்மா. நீ காட்டின, நான் நிறுத்தல. நிறுத்தியிருக்கணும்.”

“எனக்கு அப்படி எதுவுமே ஞாபகம் இல்லப்பா. நீங்க எதுக்கு இதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்க? டீ ஆறுது பாருங்க.”

பதினெட்டு வருஷத்துப் பாரம் இறங்கியது. அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைதானே, மறந்திருப்பாள், நாம்தான் பைத்தியக்காரன் மாதிரி வைத்துக்கொண்டிருந்தோம் என்று அயர்ந்து தூங்கினார்.

காலையில் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் வர நேரம் இருந்தது. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

“மாமா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க மாப்பிள்ளை.”

“வீட்ல நானும் எங்க அக்காவும் போன்ல கொஞ்சம் சத்தமா பேசிட்டா போதும், இல்ல நான் இவகிட்டயே ஏதாவது கோவமா சொல்லிட்டா, இவ ஒண்ணும் பேச மாட்டா மாமா. முன்னாடி வந்து நின்னு ரெண்டு கையையும் இப்படி நீட்டி வீசுவா.” ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்டினார். ஒரு கையால்தான் காட்ட முடிந்தது. “முகமெல்லாம் வெளுத்துப்போயிரும். என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு சிரிச்சிருவா. சின்ன வயசுல ஏதாவது பழக்கமா?”

கிரேன்காரர் அந்த ஒற்றைக் கையைப் பார்த்தார். “அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?”

“என்ன பண்றது மாமா? நிறுத்திடுவேன். எனக்கு அது என்னன்னு தெரியாது. ஆனா அப்படி நிக்கும்போது மேல பேச வாய் வருமா?”

பஸ் வந்தது. மாப்பிள்ளை பையைத் தூக்கி மேலே வைத்தார். கிரேன்காரர் அவர் கையைப் பிடித்தவர் கண்டக்டர் விசில் அடிக்கும் வரை விடவில்லை. ஆறு மணி நேரமும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். காலையில் இருந்து வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள் போல.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

கிரேன்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். தன்னைப் போலச் சாப்பாடு இறங்காமல் கிடக்க இன்னொருத்தர் எதற்கு என்று நினைத்தார். பையை வைத்தார்.

“ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். கிரேன் விளையாட்டான்னு சிரிக்கிறா.”

“நிஜமாவா? அவ சொன்னத அப்படியே சொல்லுங்க.”

“அப்படியேதான் சொல்றேன்” என்றார் அவர்.